தண்ணீர் குடித்துவிட்டு வரவும்

ஹலீமா என்னுடைய அறை வாசலில் விழுந்தபோது அவருடைய ரிப்போர்ட் என் கையில் இருந்தது. இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வழியில் தடை எதுவும் இல்லை என்று நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே ஊதி மை காயவைத்த ரிப்போர்ட். கக்கூசுக்குப் போய்விட்டு அவசரமாகத் திரும்பி வந்தவரிடம், "இந்தாங்க புள்ள, ஒண்டுமில்ல" என்று நீட்டினேன். வாங்கக் கையை நீட்டியவர் அப்படியே கதவோடு சரிந்து தரையில் கிடந்தார். ஒன்றுமில்லாத ஒருவர் விழுகிற மாதிரி அது இருக்கவில்லை.

அட்டெண்டன்ட் ஓடி வந்தார். பக்கத்து ஸ்கேன் அறை மிஸ் தலையை மட்டும் வெளியே நீட்டி, "காலைல சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்று நோயைத் தீர்மானித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் ஆஸ்பத்திரியில் காவலாளி முதல் எல்லோருக்கும் நோயைத் தீர்மானிக்கத் தெரியும். டொக்டர்மார்தான் கொஞ்சம் தயங்குவார்கள். ஹலீமா இரண்டு நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். முதலில் தலைத்துணியைச் சரிசெய்தார். பிறகு, "ரிப்போர்ட் எங்க மிஸ்?" என்று கேட்டார். நான் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, வெறும் வயிற்றோடு வரக்கூடாது என்று இலவசமாக ஒரு புத்திமதியும் சொல்லி, அந்த ஒன்றுமில்லாத ரிப்போர்ட்டோடு அவரை ஏறாவூர் பஸ்ஸில் ஏற்றிவிடும்படி அட்டெண்டன்டிடம் சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகு, எக்கோ அறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிலர் என்னிடம் அனுபவம் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். அனுபவம் என்றால் மார்தட்டிச் சொல்லக்கூடிய ஏதோ என்று நினைத்துக் கேட்கிறார்கள் போலும். என்னிடம் இருப்பது இதுதான். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. வாவிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும் கேட்காதீர்கள்.

1. ஒரே வாங்கு, ஒரே நோட்டீஸ்

நான் கார்டியோகிராபர். நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுப்பதும், ஜெல் பூசி, புரோப்பை வைத்து, துடிக்கிற இதயத்தைத் திரையில் பார்க்கிற எக்கோ செய்வதும் என் வேலை. எக்கோ மெஷின் வந்தபோது அதற்கு அறை இல்லை. வயிற்று ஸ்கேன் அறைக்குப் பக்கத்தில் பழைய துணிகள் போட்டு வைத்திருந்த ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். இரண்டு அறைக்கும் ஒரே கொரிடோர், வந்தவர்கள் உட்கார ஒரே வாங்கு, ஒரே மின்விசிறி. மின்விசிறி ஸ்கேன் அறைப் பக்கம்தான் திரும்பும்.

அந்த வாங்கில் இருப்பவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வழி கேட்பார்கள். வயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். வெறும் பையோடு வரும் பெண்களை ஸ்கேன் அறையில் திருப்பி அனுப்புவார்கள். உன்னிச்சையிலிருந்தும் கரடியனாற்றிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் என் கதவடியில் நின்று அழுவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் பெரிய அட்டை வாங்கி, பச்சை மார்க்கரால் என் கைப்பட எழுதினேன்:

"ஸ்கேனுக்கு வருபவர்கள் ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரவும்."

ஒருவருக்கும் பாரபட்சம் இல்லாமல் இரண்டு கதவுகளுக்கும் சரி நடுவில் ஒட்டினேன். அந்த மாதம் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வந்த பெரிய அதிகாரி அதன் முன் நின்று, "இதுதான் பொதுச்சேவை" என்றார். என் முழு சேவைக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அதனால் மழைக்கு ஊறாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டேன்.

அதற்குப் பிறகு என் கட்டிலில் படுத்த எக்கோக்காரர்கள் பலர் கால்களை இறுக்கிக்கொண்டு நெளிவதைக் கவனித்தேன். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன். நம்முடைய சனம் மானம் மரியாதை உள்ள சனம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

2. முதல் இரண்டு தரம்

ஹலீமாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஏறாவூரில் தன் வீட்டில் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்கிற மனுஷி. எங்கள் ஆஸ்பத்திரிக்கு அப்படிப்பட்ட நோயாளிகள் மிகவும் ஆபத்து.

முதல் தரம் வந்தபோது நான் கேட்டேன். "என்ன செய்யிது புள்ள?"

"தொழக்குள்ள, சுஜூதுல நெத்திய நிலத்துல வெச்சிட்டு எழும்பி நிக்கக்குள்ள கண்ண இருட்டிட்டு வரும் மிஸ். மறுகா ஒண்டும் தெரியாது. விழுந்து கிடப்பன்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசம் இரிக்கும். நெஞ்சும் நோகுது. மாடிப்படி ஏற ஏலாது."

அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். முதலில் கேஸ்ட்ரிக் என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்தவர் பலவீனம் என்று ஒரு டொனிக் எழுதியிருந்தார். மூன்றாமவர் ஒரு நாள் பிரஷர் கொஞ்சம் கூடியிருந்ததைப் பார்த்து, உடம்பின் தண்ணீரை வெளியேற்றும் குளிசையும், நெஞ்சு நொந்தால் நாக்குக்குக் கீழே வைக்க ஒரு குளிசையும் கொடுத்திருந்தார். அதற்குக் கீழே சிவப்பு மையில், 'நோயாளி மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்று இருந்தது.

"ஏன் புள்ள குளிச போடல்ல?"

"போட்டன் மிஸ். நாக்குக்குக் கீழ வெச்ச ரெண்டு தரமும் விழுந்துட்டன். மறுகா அதத் தொடல்ல. மத்தக் குளிசையும் போட்டாத் தல சுத்துது. அதயும் விட்டுட்டன்."

நான் நாக்கால் ஒரு சத்தம் எழுப்பி, தலையை ஆட்டினேன். படிக்காத சனத்தைத் திருத்த முடியாது என்று அந்தச் சத்தத்துக்கு அர்த்தம்.

எக்கோவில் அவருடைய இதயத்தின் நடுச்சுவர் பதினெட்டு மில்லிமீற்றர் தடித்திருந்தது. பத்துப் பதினொன்று இருந்தால் போதும். இந்த இடத்தில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இதயத்தின் இடது அறைக்கும் வலது அறைக்கும் நடுவே தசையாலான ஒரு சுவர் இருக்கிறது. சிலருக்குப் பரம்பரையாக வரும் குறை ஒன்றினால் அந்தச் சுவர் தடித்து, இடது அறையிலிருந்து இரத்தம் வெளியேறும் வழியை நெருக்கும். பக்கத்தில் உள்ள வால்வின் இதழும் இழுபட்டுப் போய்ச் சுவரோடு ஒட்டி, மிச்ச வழியையும் மூடும். ஆனால் இந்த நெருக்கம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. உடம்பில் தண்ணீர் நிறைய இருந்தால் அறை விரியும், வழி திறந்திருக்கும். தண்ணீர் குறைந்தால், குனிந்து எழுந்து நின்றால், மூச்சை அடக்கி முக்கினால், வழி அடையும். அதனால் எக்கோ செய்யும்போது நோயாளியைப் பலமாக முக்கச் சொல்லி, வழியில் அமுக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. நான் அதைப் படித்துப் பரீட்சையும் பாஸ் பண்ணியவள். பிறகுதான் நோட்டீஸ் எழுதினேன்.

படுத்திருக்கும்போது அமுக்கம் பதினான்கு. அது ஒரு கணக்கே இல்லை. "மூச்ச அடக்கி, வயித்த இறுக்கி முக்குங்க" என்றேன்.

ஹலீமா கண்ணை மூடி, உதட்டைக் கடித்தார்.

"நல்லா முக்குங்க."

"ஓம் மிஸ்."

அமுக்கம் பதினாறு. வாங்கில் இன்னும் இருபது பேர் இருந்தார்கள். தசைத் தடிப்பு பிரஷரால் வந்திருக்கலாம், தடை இல்லை என்று எழுதினேன். நாலு மாதம் கழித்து இரண்டாம் தரம் வந்தார். அதே நெளிவு, அதே 'ஓம் மிஸ்', அதே பதினாறு. அன்றுதான் அவர் என் வாசலில் விழுந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீர் வயிற்றில் இருந்தவரை மனுஷி நன்றாகத்தான் இருந்தார். கக்கூசில் போய்க் குந்தி, அதை வெளியேற்றி, எழும்பி நடந்து வந்தவுடன் விழுந்தார். நோய் என் கண்முன்னால் வந்து காலடியில் விழுந்து காட்டியது. நான் குளுக்கோஸ் கரைத்தேன்.

3. நோன்பு நாள்

மூன்றாம் தரம் அவர் வந்தது நோன்பு மாதத்தில், பின்னேரக் கிளினிக்குக்கு. கூட அவருடைய கணவர் தாஹிர் வந்திருந்தார். சைக்கிள் கடைக்காரர். அதிகம் பேசமாட்டார், ஆனால் அன்று முகம் வெளிறிப்போய் இருந்தது. அதற்கு முந்தின நாள் ஹலீமா விழுந்து, ஐந்து நிமிடம்வரை கண் திறக்கவில்லையாம்.

ஹலீமா கதவடியிலேயே நின்றுகொண்டார்.

"மிஸ், மன்னிச்சுக்கொள்ளணும். இண்டைக்கு ஸ்கேன் செய்ய ஏலாது எண்டு நினைக்கன்."

"ஏன்?"

"நோன்பு மிஸ். தண்ணி குடிக்கல்ல. நோட்டீஸ்ல ஒன்றரை லீற்றர் எண்டு போட்டிரிக்கி. நோன்பு முடிஞ்ச மறுகா வரட்டா?"

எக்கோவுக்கு அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தளவுக்கு எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை. "பரவாயில்ல, வந்ததுக்குப் படுங்க" என்று பெரிய மனது பண்ணினேன். வேண்டாவெறுப்பாக ஜெல்லைப் பிதுக்கினேன்.

படுத்த உடனே அமுக்கம் நாற்பத்தெட்டு. புரோப் பிழையான இடத்தில் இருக்கிறது என்று நினைத்துத் திருப்பி வைத்தேன். நாற்பத்தெட்டு. முக்கச் சொன்னேன். ஹலீமா அன்று முக்கினார். நெற்றி நரம்பு புடைக்க, கழுத்து சிவக்க, முழுப் பலத்தோடு முக்கினார். திரையில் அலை ஒரு பக்கம் சரிந்து, குத்துவாள் முனை மாதிரிக் கூர்ந்து ஏறியது. அந்த உருவத்தைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். நூற்றி நாலு. வால்வின் இதழ் போய்ச் சுவரோடு அடித்துக்கொண்டு நின்றது.

மூச்சை விடச் சொல்லிக் கத்தியிருக்கிறேன் போலும், தாஹிர் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து எழும்பிவிட்டார்.

"புள்ள, இதுக்கு முதல் வந்த ரெண்டு தரமும் நான் முக்கச் சொன்னன்தானே. முக்கினீங்களா?"

ஹலீமா கணவர் நின்ற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்பிடி மிஸ் முக்குற. வயிறு முட்டத் தண்ணி. முக்கினா உங்கட கட்டில்லயே போயிரும். ஓம் எண்டு சொல்லிட்டு முக்குற மாதிரிக் காட்டினன்."

நான் கதவைத் திறந்து கொரிடோரை எட்டிப் பார்த்தேன். என் பச்சை எழுத்து பிளாஸ்டிக் உறைக்குள் மினுமினுத்தது. வாங்கில் எக்கோவுக்காக எட்டுப் பேர் இருந்தார்கள். நோன்பில்லாத ஆறு பேர் கையில் தண்ணீர்ப் போத்தல். எத்தனை மாதம், எத்தனை பேர், எத்தனை பொய் முக்கல் என்று எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். எண்ணினால் அன்றைக்கு வேலை செய்திருக்க முடியாது.

4. மெஷின் பிழையா, மனுஷி பிழையா

இதய டொக்டர் யாழ்ப்பாணத்தவர், வயது குறைந்தவர், வந்து மூன்று மாதம்தான். யோகன் டொக்டர் என்போம். மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாக மேசையில் பரப்பினார்.

"மிஸ், ரெண்டில ஒண்டுமில்லையெண்டு கிடக்கு. மூண்டாவதில நூற்றி நாலு எண்டு கிடக்கு. மெஷின் பிழையோ, மனிசி பிழையோ?"

"நான் பிழை சேர்" என்றேன். நோட்டீஸ் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

ஸ்டெதஸ்கோப்பை ஹலீமாவின் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அக்கா, மெல்லக் குந்துங்கோ. இப்ப மெல்ல எழும்புங்கோ" என்றார். என்னையும் கேட்கச் சொன்னார். குந்தும்போது இதயத்தில் லேசான இரைச்சல். எழும்பி நின்றதும் அது பெரிதாகி மரம் அரிகிற வாள் மாதிரிக் கேட்டது. தாஹிர் மனைவியைப் பின்னால் பிடித்துக்கொண்டார். ஒரு வருடமாக, தொழுகிற ஒவ்வொரு தரமும் இந்தப் பரிசோதனையை ஹலீமா தானே செய்திருக்கிறார். முடிவையும் எங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். நாங்கள் டொனிக் எழுதினோம்.

"வீட்டில ஆரும் இளம் வயசில திடீரெண்டு செத்திருக்கினமோ?"

"என்ட காக்கா, கூடப்பொறந்த மூத்தவர். இருபத்தொன்பது வயசு. பந்து விளையாடின இடத்தில விழுந்தார், மௌத்தாப் போயிட்டார். வெயில் அடிச்சிட்டு எண்டாங்க."

அந்தக் கேள்வியை நான் இரண்டு தரமும் கேட்கவில்லை. ரிப்போர்ட் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஹலீமா எடுக்காமல் விட்ட குளிசைகளை டொக்டர் பார்த்தார். இரண்டும் இந்த நோய்க்கு எதிரிகள். நாக்குக்குக் கீழே வைப்பது வழியை இன்னும் நெருக்கும், மற்றது உடம்பின் தண்ணீரைப் பிழிந்துவிடும். சிவப்பு மை எழுத்துக்குக் கீழே டொக்டர் ஒரு கோடு இழுத்து, "நல்ல காலம் எடுக்கேல்ல" என்றார். பிறகு நோன்பு பிடிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஹலீமா நிமிர்ந்து பார்த்தார். "நோயாளிக்கு நோன்புல விலக்கு இரிக்கி சேர். ஓதிக் குடுக்கிற எனக்கு அது தெரியாதா? நான் நோயாளி எண்டுதான் தெரியாம இரிந்திச்சு. மிஸ்ட ரிப்போர்ட்டில ஒண்டுமில்ல எண்டுதானே போட்டிரிந்திச்சு."

கோபத்தில் சொல்லவில்லை. ஒரு பாடம் விளக்குகிற குரலில்தான் சொன்னார். நான் மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்குகிற மாதிரி நின்றேன்.

அன்று பின்னேரமே நோட்டீஸைக் கிழித்தேன்.

5. பதினொரு பேர்

இதயத் துடிப்பை மெதுவாக்கும் குளிசை கொடுத்துச் சில மாதம் பார்த்தார்கள். ஹலீமா அதை அச்சுப் பிசகாமல் எடுத்தார். விழுவது குறைந்தது, நிற்கவில்லை. ஒப்பரேஷன்தான் வழி என்று டொக்டர் கொழும்புக்கு எழுதினார். காத்திருக்கும் நேரத்தில், இது பரம்பரை நோய் என்பதால் சொந்தக்காரர் எல்லோரையும் எக்கோவுக்குக் கூட்டி வரச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வான் வண்டி பிடித்து வந்து இறங்கினார்கள். பதினொரு பேர். எல்லோர் முகத்திலும் ஒரே அவசரம். எல்லோர் காலிலும் ஒரே நெளிவு.

"தண்ணி குடிச்சீங்களா?"

"ஓம் மிஸ். எல்லாரும் ஒன்றரை லீற்றர். அளந்து குடிச்ச" என்றார் ஹலீமாவின் மாமி, பெருமையாக. "போன கிழம வந்த பக்கத்து வீட்டுப் புள்ள நோட்டீஸப் பாத்துட்டு வந்து சொன்னிச்சு."

வெளியே போய்ப் பார்த்தேன். நான் கிழித்த இடத்தில், இரண்டு கதவுகளுக்கும் சரி நடுவில், ஸ்கேன் அறையார் புதிது ஒட்டியிருந்தார்கள். அச்சடித்து, லேமினேட் பண்ணி, தண்ணீர்க் குவளைப் படமும் போட்டது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில், 'கிழிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

பதினொரு பேரையும் கக்கூசுக்கு அனுப்பினேன். கக்கூஸ் பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருக்கும் அட்டெண்டன்ட் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். நான் சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கன்டீனுக்கு ஓடித் திறப்பை வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரியில் உயிர் காக்கும் வேலை என்று சொல்கிறார்களே, நான் நேரடியாகச் செய்தது அந்த ஓட்டம் ஒன்றுதான்.

பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை. இந்த முறை அந்தச் சொல்லை மூன்று தரம் அளந்துவிட்டு எழுதினேன். பதினோராவது, செத்துப்போன காக்காவின் மகள் ஸஹ்ரா. பதினான்கு வயது, பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் ஓடுகிற பிள்ளை. சுவர் பதினாறு மில்லிமீற்றர். முக்கியதும் அமுக்கம் ஐம்பதைத் தாண்டியது. தண்ணீரோடு படுத்திருந்தால் அவளும் கூச்சப்பட்டுக்கொண்டு 'ஓம் மிஸ்' என்றிருப்பாள். நானும் ஒன்றுமில்லை என்று எழுதி, அவளை மைதானத்துக்கு அனுப்பியிருப்பேன். இப்போது அவளுக்கு ஓட்டம் இல்லை, குளிசை உண்டு. என்னோடு கோபம். அந்தக் கோபத்தோடு உயிரோடு இருக்கிறாள், அது போதும்.

6. பாதிப் பேரீச்சம்பழம்

ஹலீமாவின் ஒப்பரேஷனைப் பார்க்க வேண்டும் என்று நானே லீவு போட்டு, யோகன் டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். படிப்புக்காக என்று கடிதத்தில் இருந்தது. உண்மை என்னவென்றால், வீட்டில் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

தியேட்டர் வாசலில் தாஹிர் என் கையைப் பிடித்தார். அதுவரை என்னோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

"மிஸ், சதைய வெட்டி எடுத்தா நெஞ்சு அடிக்க ஏலுமா?"

"கூடுதலா இரிக்கிறதத்தான் வெட்டுற தாஹிர்."

"கூடுதல் எவ்வளவு எண்டு ஆரு அளந்த?"

"நான்தான்" என்றேன். அவர் என் கையை விட்டார்.

உள்ளே சத்திரசிகிச்சை டொக்டர் ஹலீமாவின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். வயதானவர், அலுத்துப்போன கண்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டாகப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், இந்த முதல் இரண்டையும் எழுதியவர் யார் என்று பொதுவாகக் கேட்டார். முகக்கவசம் போட்டிருந்தேன், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் நான்தான் என்றேன். அவர் மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து அழகாக இருக்கிறது" என்றார். இருபது வருடம் மற்றவர்களைக் குத்திக் குத்திப் பேசி வந்த எனக்கு, அதை எப்படிப் பேச வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

நெஞ்சைத் திறந்து, இரத்தத்தைப் பைபாஸ் மெஷினுக்குத் திருப்பி, குளிர்ந்த மருந்து செலுத்தி இதயத்தை நிறுத்தினார்கள். நான் எவ்வளவோ இதயங்களைத் திரையில் பார்த்திருக்கிறேன். நின்றுபோன ஒன்றை அப்படிப் பக்கத்தில் பார்த்தது அன்றுதான். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயைக் கீறி, அதன் வால்வுக்குள்ளால் நீளமான மெல்லிய கத்தியை இறக்கினார். குறைய வெட்டினால் நோய் அப்படியே இருக்கும். ஆழமாக வெட்டினால் சுவரில் ஓட்டை விழும். கொஞ்சம் தள்ளி வெட்டினால் துடிப்பைக் கடத்தும் நரம்பிழை அறுந்து, வாழ்நாள் முழுக்க பேஸ்மேக்கர். எவ்வளவு வெட்டுவது என்பதற்கு அவரிடம் இருந்த வழிகாட்டி எக்கோ அளவுதான். அறையில் மெஷின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. நான் எனக்குத் தெரிந்த மாதாவையும் ஹலீமாவின் அல்லாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். இருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன்.

துண்டு வெளியே வந்தது. ஒரு பேரீச்சம்பழத்தின் பாதி அளவு. எஃகுத் தட்டில் வைத்து என் பக்கம் நீட்டினார்.

"இதைத்தான் நீங்கள் இரண்டு முறை அளந்து, ஒன்றுமில்லை என்று எழுதினீர்கள்."

இதயம் திரும்பத் துடிக்கத் தொடங்கியது. தொண்டை வழியாக இறக்கியிருந்த எக்கோ புரோப்பில் பார்த்தார்கள். மருந்து செலுத்தி வேகமாகத் துடிக்க வைத்தும் பார்த்தார்கள். வால்வின் இதழ் சுவரைத் தொடவில்லை. வழி திறந்திருந்தது. நான் வெளியே வந்து தாஹிரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகை வந்தது. அந்த மனிதர் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு சுவரோடு சரிந்து தரையில் இருந்துவிட்டார். பிறகு அவரைத் தேற்றி உண்மையைச் சொல்வதற்கு ஒரு தாதி வர வேண்டியதாகிவிட்டது. நல்ல செய்தியைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள் நான்.

7. முக்கியது

ஆறு மாதம் கழித்து ஹலீமா எக்கோவுக்கு வந்தார். பஸ் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். நெஞ்சின் நடுவே தழும்பு நேர்கோடாக ஆறியிருந்தது. நான் இப்போது எல்லோரிடமும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். பெயர், வயது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"கக்கூசுக்குப் போனீங்களா புள்ள?"

"போயிட்டன் மிஸ்."

படுத்திருக்கும்போது அமுக்கம் ஒன்பது. முக்கச் சொன்னேன். அன்று நோன்பில் முக்கிய அதே முக்கல், அதே நெற்றி நரம்பு. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குத்துவாள் வரவில்லை. பன்னிரண்டு. இன்னொரு தரம் செய்யச் சொன்னேன். பன்னிரண்டு. எழும்பச் சொல்லி, குந்தி எழும்பச் சொல்லி, திரும்பப் படுக்க வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு. ஜெல் துடைக்கிற கடதாசியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மெஷினைப் படிப்பதற்கு முன் வாசலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று படியுங்கள். நோயாளி சொன்னபடி செய்யவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். சொன்னபடி செய்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள், நாம் சொன்னதே பிழையாக இருக்கலாம். அந்த முதல் ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றை மேசை லாச்சியில் வைத்திருந்தேன். ஓய்வு பெற்றபோது வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். கையெழுத்து உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கிறது.

அன்று ஹலீமா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் இருந்து இறங்கினார். நான் பழக்கத்தில் அவர் விழாமல் பிடிக்கக் கையை நீட்டினேன். அவர் விழவில்லை. வாசலுக்கு வந்து, கொரிடோரில் ஒட்டியிருந்த தண்ணீர்க் குவளைப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான் இண்டைக்குத் தண்ணி குடிக்கல்ல மிஸ். குடிக்கச் சொல்லி அதில போட்டிரிக்கி. நீங்க எழுதினதா இரிக்கும் எண்டு நினைச்சு விட்டுட்டன்."